வீட்டுக்கு ஒன்று, வாழைத்தோட்டத்துக்கு ஒன்று

கண்காணிப்பு கேமரா வாங்கப் போனால் கடையில் முதலில் மெகாபிக்சலைத்தான் சொல்வார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும், அது எடுக்கும் படம் எங்கே போய்ச் சேரும்? பாளையங்கோட்டையில் எங்கள் வீடு, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சித்தப்பாவின் வாழைத்தோட்டம். இரண்டுக்கும் ஒரே கேமரா சரிவராது என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

முதலில் வாங்கியது வைஃபை கேமரா. விலை குறைவு, பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் வீடு பழைய காரைச்சுவர் வீடு. ரூட்டர் முன்னறையில் இருந்தால் பின்கட்டுக்கு சிக்னல் வராது. பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில்தான். கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். உள்ளே படுத்திருக்கும் ஆச்சியைப் பார்த்துக்கொள்ள அது போதும், வாசலுக்குப் போதாது.

வாசலுக்கு வயர்தான். அதில் பழைய முறை அனலாக் ஹெச்டியா, நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபியா என்பதுதான் உண்மையான போட்டி. ஐபியில் ஒரே நெட்வொர்க் கேபிள் கரண்டையும் கொண்டுபோகும், படத்தையும் கொண்டுவரும். 100 மீட்டர்தான் அதன் எல்லை. படம் தெளிவு, செலவு கூட. அனலாக்கில் கேபிள் டிவிக்கு வருவது மாதிரித் தடித்த கோஆக்ஸியல் கேபிள், கரண்டுக்குத் தனி வயர், டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி ஒன்று. பழைய கேபிள் கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். புது வீடு கட்டி, சுவருக்குள் பைப் போடுகிறவர்கள் ஐபிக்குப் போகட்டும். நாங்கள் நாலு அனலாக் கேமராவோடு நிறுத்திக்கொண்டோம். 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் இரண்டு வாரத்தை ஒட்டிப் பதிவு நிற்கிறது.

வயர் கேமராவில் எந்த வகை வாங்கினாலும் பதிவுப் பெட்டியைப் பரணில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, டிவி மேசைக்கு அடியில் இருந்த பெட்டிகள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரைக்கோள வடிவ டோமா, குழாய் வடிவ புல்லட்டா? கூரைக்கு அடியில் டோம், வெளியே புல்லட். டோமின் கண்ணாடி மூடியில் தூசி படிந்தால் ராத்திரி இருட்டில் பார்க்க அது விடும் வெளிச்சமே திரும்பி அடித்து, படம் வெளிறிப்போகும். புல்லட்டுக்கு எதிரி சிலந்தி. லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு நூல் தொங்கினாலும் இருட்டில் வெள்ளைக் கயிறு மாதிரி ஆடும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பு எடுக்கத்தான் வேண்டும்.

தோட்டத்துக்கு வருவோம். அங்கே மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே செம்பு இருக்கிறதே. ரூட்டரும் கிடையாது, மின்சாரமும் நாள் முழுக்க வராது. சிம் போட்ட சோலார் கேமரா தவிர வேறு வழியில்லை. வாங்கும் முன் அந்த சிம்மை போனில் போட்டு, அதே இடத்தில் நின்று வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். மலையடிவாரத்தில் இருபதடி தள்ளி நின்றால் சிக்னல் மாறும்.

இதில் அசைவை மட்டும் பார்க்கும் மாடல் வேண்டாம். சாரல் காற்றில் வாழையிலை ஆடும்போதெல்லாம் போன் அலறும். உடல் சூட்டை உணரும் மாடல் மேல். அதற்கும் குறை உண்டு. சித்திரை வெயிலில் ஆள் சூடும் காற்றின் சூடும் ஒன்றுபோல் ஆவதால் பகலில் கோட்டைவிடும். அதோடு, ஆள் வந்தால்தான் தூக்கத்திலிருந்து விழிக்கும் கேமரா இது. முதல் ஓரிரு வினாடி தப்பிவிடும். எங்களுக்குக் கிடைத்த முதல் வீடியோவில் இருந்தது ஒரு மயிலின் வால்.

"மோட்டார் ரூம் மேல வச்சா உச்சந்தலைதான் தெரியும் அண்ணாச்சி" என்றார் மாட்ட வந்த தம்பி. எதிரே நிற்கும் பனையில், ஏழடி உயரத்தில், கதவைப் பார்த்தபடி கட்டினோம்.