நெட்பிளான்: நாம் கொடுத்த டிஎன்எஸ் மட்டும் போதாதாம்

குமுளியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போனில், "அண்ணே, சர்வருக்கு உபுண்டுவே போட்டுரலாமா?" என்று கேட்டார். உபுண்டு லினக்ஸ் வகைகளில் ஒன்று. வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் வியாபாரியின், அதே உபுண்டுவில் ஓடும் கணக்கு சர்வரைக் கம்பத்தில் இருந்தபடியே பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். வேகம், அப்டேட் எதிலும் குறையில்லை. கோபமெல்லாம் டிஎன்எஸ், அதாவது மெஷினின் பெயரைச் சொன்னால் முகவரியைத் தரும் சேவை, அந்த விஷயத்தில்தான்.

அந்த சர்வர், டேட்டாபேஸ் மெஷினைப் பெயர் சொல்லித்தான் தேடும். அந்தப் பெயர் ஆபீசுக்குள் இருக்கும் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். உபுண்டு சர்வரில் நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் ஃபைலில் 'நேம்சர்வர்ஸ்' என்று அதன் முகவரியை எழுதினால் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியாது. மெஷின்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாக ரவுட்டர் தரும் டிஎன்எஸ்ஸும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். நம்முடையது ஒருமுறை பதில் சொல்லாமல் போனால் பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு அடுத்ததற்குத் தாவிவிடும். நம்முடையது எழுந்த பிறகும் உடனே திரும்பாது. ஏலம் முடிந்து பில் போடுகிற நேரம் பார்த்து போன் வரும். இன்டர்நெட் இருக்கும், பிங் போகும், பெயர் மட்டும் கிடைக்காது. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடித்தால் 'கரன்ட் டிஎன்எஸ் சர்வர்' வரியில் ரவுட்டரின் முகவரி நிற்கும்.

நெட்பிளான் ஃபைலில் 'டிஎச்சிபி4-ஓவர்ரைட்ஸ்' என்பதற்குக் கீழே 'யூஸ்-டிஎன்எஸ்: ஃபால்ஸ்' என்று தனியாகச் சொன்னால்தான் அது அடங்கும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால், ரவுட்டர் அறிவிப்பு வழியாக வரும் டிஎன்எஸ்ஸுக்கு இந்த வரி பொருந்தாது, அதையும் தனியாக நிறுத்த வேண்டும். சர்வர் முதல்முறை எழும்போது அதை அமைத்துக் கொடுக்கும் கிளவுட்-இனிட் எழுதிய ஃபைலைத் தொடாமல், 99 என்று தொடங்கும் புது ஃபைலில் எழுதுங்கள், கடைசியாகப் படிக்கப்படுவது அதுதான். வரிகளைத் தள்ளி எழுத ஸ்பேஸ் மட்டும், டேப் கூடாது. ஆள் கைப்பட எழுதிக் கொடுத்த பிறகும் ரவுட்டர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? இந்த இயல்புநிலை தப்பு என்றே சொல்வேன்.

ஆனால் 'நெட்பிளான் ட்ரை' தங்கமான கட்டளை. மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 நொடி காத்திருக்கும். தொடர்பு அறுந்துபோய் நாம் என்டர் தட்டாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். ஆடி மழையில் கம்பம்மெட்டு ஏறி, மூடுபனிக்குள் வண்டியோட்டிப் போய் மானிட்டர் மாட்ட வேண்டிய வேலையை எனக்கு மிச்சப்படுத்தியது இதுதான்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்று தம்பியிடம் இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் போடச் சொல்லிவிட்டேன். வண்டன்மேட்டு சர்வர் உபுண்டுவிலேயே இருக்கட்டும், அதை மாற்றுகிற எண்ணம் இல்லை.