பாலினம், பெண்கள், பாலியல்பு: ஈராண்டு முதுகலைப் படிப்பு குறித்த மதிப்பீடு

இலக்கியம், வரலாறு, மெய்யியல், காட்சிக்கலை ஆகியவற்றை உள்ளடக்கிய கலைப்புலத்தில், பாலினம், பெண்கள், பாலியல்பு குறித்த ஈராண்டு முதுகலைப் படிப்பை அண்மையில் நிறைவுசெய்தேன். இதில் சேர எண்ணுவோர் முதலில் தெளிய வேண்டியது, இது எதற்கான படிப்பு அன்று என்பதே. பெண்கள் நலத் திட்டங்களை வகுக்கவும் களத்தில் புள்ளிவிவரம் திரட்டவும் பயிற்சி வேண்டுவோர்க்குச் சமூக அறிவியல் துறைகள் நடத்தும் பாலினப் படிப்புகள் பொருந்தும். இங்கே கற்பிக்கப்படுவது வாசிப்பு. ஒரு கதையிலோ ஓவியத்திலோ நீதிமன்றப் பதிவிலோ ஆண், பெண் என்ற பாகுபாடு எவ்வாறு கட்டப்படுகிறது, யாருடைய சொல் பதிவாகிறது, யாருடைய சொல் பதிவாகாமலே போகிறது என்று பொறுமையாகக் கேட்கும் பயிற்சி அது. அந்த ஒன்றை இப்படிப்பு மிகச் சிறப்பாகச் செய்தது.

ஆவண வாசிப்புக்கான கருத்தரங்கப் பாடத்தையே இந்த ஈராண்டின் உச்சமாகக் கருதுகிறேன். வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1986இல் வெளியிட்ட கட்டுரை, அதிகார உறவுகளை உணர்த்தும் முதன்மையான வழிகளுள் பாலினமும் ஒன்று என்று வாதிட்டது. அப்படியானால் பெண்களே இடம்பெறாத அரசவை உரையையும் போர் அறிக்கையையும்கூடப் பாலினம் சார்ந்து வாசிக்க இயலும். இவ்வாதத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஆவணங்களைக் கையில் கொடுத்து நாங்களே சோதித்துப் பார்க்க வைத்தார்கள். ஒரே வாக்குமூலத்தை, அது விவரிக்கும் நிகழ்வுக்காக ஒரு முறையும், எழுத்தர் கையாண்ட வாய்பாட்டுச் சொற்களுக்காக ஒரு முறையும், விசாரித்தவர்கள் கேட்காமல் விட்ட வினாக்களுக்காக இன்னொரு முறையும் வாசித்தோம். பழைய பதிவேடுகளில் எளிய பெண்கள் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டபோதோ, சொத்து கைமாறியபோதோ, தாங்களே உடைமையாகக் கணக்கிடப்பட்டபோதோதான் தென்படுகிறார்கள். அவர்கள் கூறியதாக உள்ள சொற்களும் வேறொருவர் கை எழுதியவை. அந்த மௌனத்தை ஆய்வாளர் எவ்வளவு தூரம் கற்பனையால் நிரப்பலாம் என்பது கடினமான அறக்கேள்வி. அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் பதிவுகளை முன்வைத்து ஆய்வாளர் சைதியா ஹார்ட்மன் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கேள்வியை எழுப்பியபோது, நடந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கும் உரிமையையும், அதை நடந்ததாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் ஒருசேர வலியுறுத்தினார். இக்கட்டுரை குறித்து எங்கள் வகுப்பில் எழுந்த கருத்து வேறுபாடுகள் பருவம் முடியும்வரை ஓயவில்லை. வேறெந்தப் பாடத்திலும் நான் இவ்வளவு கற்றுக்கொள்ளவில்லை.

கோட்பாட்டுப் பாடத்தைப் பற்றி அதே உறுதியோடு பேச இயலவில்லை. 1949இல் சிமோன் த பொவ்வாரில் தொடங்கி, 1975இல் கேல் ரூபின், 1976இல் ஃபூக்கோ, 1990இல் ஜூடித் பட்லர் என, அந்தந்த ஆண்டில் வெளிவந்த எழுத்துகள் வழியே வாரத்துக்கு ஒரு சிந்தனையாளராக ஓடும் பாடத்திட்டம், ஆழ்ந்து வாசிக்கக் கற்பிக்கும் ஒரு துறைக்கு ஏற்றதன்று. பட்லர் விஷயத்தில் மட்டும் ஆசிரியர் வேகத்தைத் தணித்தார். பாலினத்தை ஆடை மாற்றுவது போல விரும்பியபடி அணிந்து களையலாம் என்று பட்லர் சொல்வதாகப் பலர் பிழையாகப் புரிந்துகொண்டனர்; அதற்கு அவர் 1993இல் வெளியிட்ட அடுத்த நூலில் தந்த மறுமொழியையும் சேர்த்து வாசிக்கச் செய்தது மிகுந்த பயனளித்தது. இனம், பால் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுகின்றன என்று சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் முன்வைத்த குறுக்குவெட்டுக் கருத்தாக்கத்தையும் அதன் வேரான வழக்கிலிருந்தே கற்பித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாட்டையும் பால் பாகுபாட்டையும் இணைத்து ஒரே முறையீடாக ஏற்க 1976இல் நீதிமன்றம் மறுத்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு அமர்த்தியிருந்தது, ஆனால் அவர்கள் வெள்ளையினப் பெண்கள் என்ற உண்மைக்கு அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் இடமே இல்லை. இந்தப் பின்னணியை அறிந்த மாணவர் பின்னர் அச்சொல்லை வெறும் அடையாளப் பட்டியலாகச் சுருக்கமாட்டார்.

மேற்குலகப் பெண்ணியம் பிற நாட்டுப் பெண்களை ஒரே அச்சில் வார்த்த பலியாட்களாகக் காட்டுவதைச் சந்திரா தல்பாடே மொகந்தி 1980களிலேயே கண்டித்துவிட்டார். அவரது கட்டுரையைக் கட்டாய வாசிப்பாக வைத்துக்கொண்டே, ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் கோட்பாட்டின் பிறப்பிடமாகவும் மற்ற நிலங்களை எடுத்துக்காட்டுகளின் இருப்பிடமாகவும் பாடத்திட்டம் வகுத்திருப்பது எனக்கு ஆழ்ந்த ஏமாற்றம் தந்தது. அவர் எழுப்பிய கேள்வி, அவருக்கென ஒதுக்கிய வாரத்தோடு முடிந்துபோகிறது.

பாலியல்பு என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருந்தும், அது விருப்பப் பாடமாகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒருபால் ஈர்ப்பு, எதிர்பால் ஈர்ப்பு என்ற பிரிவினையே இருபதாம் நூற்றாண்டு மேற்கத்தியச் சிந்தனையின் முதன்மையான தளங்கள் பலவற்றை வடிவமைத்தது என்று இலக்கியத் திறனாய்வாளர் ஈவ் செட்ஜ்விக் 1990இல் வாதிட்டார். அந்த வாதத்தை மெய்யாகவே ஏற்கும் துறை, அதை விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாது. திருநர் ஆய்வின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அதன் முன்னோடி எழுத்தான சாண்டி ஸ்டோனின் கட்டுரை 1991இல் வெளிவந்து, தனக்கென ஆய்விதழும் 2014இல் தொடங்கிவிட்ட ஒரு புலத்தைப் பருவத்தின் இறுதியில் அவசரமாகத் தொட்டுச் சென்றதற்கு நியாயமே இல்லை.

ஆய்வேட்டு வழிகாட்டலில் நான் பட்ட சிரமம் துறையின் கட்டமைப்போடு தொடர்புடையது. பாலினத் துறைகள் பலவற்றில் ஆசிரியர்கள் இலக்கியம், வரலாறு போன்ற துறைகளோடு பகிர்ந்துகொள்ளப்படுகிறார்கள். அவர்களுடைய பணிச்சுமையும் பதவி உயர்வும் அந்தத் துறைகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. என் நெறியாளர் அறிவிலும் அக்கறையிலும் குறைவற்றவர், ஆனால் அத்தியாயங்களைத் தாய்த்துறையின் வேலைகளுக்கு இடையில்தான் அவரால் படிக்க முடிந்தது. இரண்டாம் நெறியாளர் வேறு துறையைச் சேர்ந்தவர் என்பதால், எதைச் சான்றாக ஏற்பது என்பதிலேயே இருவரும் வேறுபட்டனர். இத்தகைய துறையிடை மோதல் ஆய்வுக்கு வளம் சேர்க்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைத் தீர்க்கும் சுமையை மாணவர்மீது ஏற்றக் கூடாது.

மேற்படிப்பு, பதிப்பகம், அருங்காட்சியகம், இதழியல் எனப் பல வழிகள் இதன்பின் திறக்கின்றன. எந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் இது நேரடித் தகுதிச் சான்று அன்று. ஹங்கேரியில் 2018இல் பாலின ஆய்வு முதுகலைப் படிப்புகளுக்கான அங்கீகாரத்தை அரசே விலக்கிக்கொண்டதை நினைத்தால், துறையின் நிலைபேற்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது. குறைகள் இவ்வளவு இருந்தும் இப்படிப்பைப் பரிந்துரைக்கிறேன், ஆவண வாசிப்புப் பாடத்துக்காகவே பரிந்துரைக்கிறேன். ஆனால் விண்ணப்பிக்கும் முன், விளக்கக் கையேட்டில் அச்சிட்ட விருப்பப் பாடங்களுள் எவை கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் நடத்தப்பட்டன என்றும், முழுநேரமாக இத்துறைக்கே உரிய ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.