ஆக்டிவிட்டிவாட்ச்: முதல் நாள் கணக்கை நம்ப வேண்டாம்

கணினியில் எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்கெடுக்க ஆக்டிவிட்டிவாட்ச் என்ற மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். பதிவு முழுவதும் உங்கள் கணினியிலேயே இருக்கும். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவிவிட்டு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:5600 திறந்தால் அன்றைய கணக்கு தெரியும். அந்த முதல் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

பெரிய ஓட்டை, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில். 180 நொடிக்கு விசைப்பலகையையும் மவுஸையும் தொடாவிட்டால் எழுந்து போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். அதுவும் கடைசியாகத் தொட்ட நொடியிலிருந்தே கழிக்கும். ஐந்து நிமிடம் கை வைக்காமல் பிடிஎஃப் படித்தால் ஐந்து நிமிடமும் கணக்கில் வராது. ஆள் இருப்பைக் கவனிக்கும் பகுதிக்கான கட்டமைப்புக் கோப்பில் 180-ஐ 300 ஆக்கி, மென்பொருளை மூடித் திறங்கள். நிறையப் படிப்பவர்களுக்கு 600 வரை போகலாம். அதைத் தாண்டினால் எழுந்து போன நேரமும் வேலையாகிவிடும். உலாவியில் பார்க்கும் வீடியோவுக்கு, ஒலி வரும் தாவலை வேலையில் சேர்க்கும் வடிகட்டி உண்டு. ஆனால் ஆக்டிவிட்டிவாட்ச்சின் உலாவி நீட்சியையும் (எக்ஸ்டென்ஷன்) நிறுவினால்தான் அது வேலை செய்யும். எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் என்ற பிரிவும் அந்த நீட்சியால்தான் கிடைக்கிறது.

அடுத்தது வகைப்படுத்தல், அதாவது பதிவான நேரத்தை வேலை, பொழுதுபோக்கு என்பதுபோல் பிரிப்பது. விதிகளை ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) எழுத வேண்டும்; செயலிப் பெயர், சாளரத் தலைப்பு இரண்டிலும் தேடும். சொற்களுக்கு நடுவே போடும் நிமிர்ந்த கோடு (|, ‘அல்லது’ என்று பொருள்) கடைசியிலும் தப்பித்தவறி நின்றுவிட்டால் அந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். திடீரென்று நாள் முழுக்க ஒரே வகையில் விழுந்தால் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். இரண்டு வகைகள் பொருந்தினால் ஆழத்தில் இருக்கும் துணைவகைக்கே நேரம் போகும். இதில் ஓர் அருமையான வசதி: விதியை இன்று திருத்தினால் போன மாதக் கணக்கும் தானாகத் திருந்தும், ஏனென்றால் மூலப்பதிவை அது தொடுவதே இல்லை. அதனால் ஒரு வாரம் சும்மா ஓடவிட்டு, வகைப்படாமல் நிற்பவற்றில் அதிக நேரம் தின்றதிலிருந்து விதி எழுதத் தொடங்கலாம்.

மேக்கில் அணுகல்தன்மை அனுமதி கொடுக்காவிட்டால் சாளரத் தலைப்புகள் வராது. லினக்ஸில் திரைக்காட்சியை வேலேண்ட் என்ற அமைப்பு கையாள்கிறது என்றால் வழக்கமான சாளரக் கண்காணிப்பு ஓடாது, அதற்கென்று உள்ள தனிப் பகுதியை நிறுவ வேண்டும்.

இதன் கணக்கில் நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும். இரவில் கண்விழிப்பவர்களுக்கு இதுவே சரி. மற்றவர்கள் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

மின்னஞ்சல் பொருள்வரி, கோப்புப் பெயர் என்று தலைப்பில் தெரிவதெல்லாம் பதிவாகும், மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) இல்லை. பலர் புழங்கும் கணினி என்றால் தலைப்புப் பதிவை நிறுத்திவிடுங்கள். அப்போது செயலிப் பெயரை வைத்து மட்டுமே வகை பிரிக்க முடியும்.