டின் டிரம்: எந்தப் பதிப்பை வாங்குவது?

'ஜப்பான்' என்று பெயர் வைத்துக்கொண்ட லண்டன் இசைக்குழு 1981 நவம்பரில் வெளியிட்ட ஆல்பம் 'டின் டிரம்'. அதை இன்று வாங்க விரும்புபவர் முன்னால் முக்கியமாக நான்கு பதிப்புகள் நிற்கின்றன. முதலாவது, வர்ஜின் நிறுவனம் அந்த ஆண்டிலேயே அச்சிட்ட பழைய இசைத்தட்டு. இரண்டாவது, 2003-இல் கூடுதல் தட்டு ஒன்றுடன் வந்த குறுந்தகடு. மற்ற இரண்டும் 2018-இல் வந்த வினைல் (இசைத்தட்டு) மறுபதிப்புகள்: நிமிடத்துக்கு 33 சுழற்சியில் ஓடும் ஒற்றைத் தட்டு ஒன்று, 45 சுழற்சியில் ஓடும் இரட்டைத் தட்டு இன்னொன்று.

எட்டே பாடல்கள், மொத்தம் சுமார் 38 நிமிடம். இதற்கு நான்கு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா என்றால், இந்த ஆல்பத்துக்குக் கட்டாயம் வேண்டும். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரை அடுக்கடுக்காகக் குவித்து ஒலிச்சுவர் எழுப்பிய காலம் அது. ஜப்பான் குழு அதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. ரிச்சர்ட் பார்பியேரியும் பாடகர் டேவிட் சில்வியனும் சிந்தசைசரில் ஒவ்வொரு ஒலியையும் பொறுமையாகச் செதுக்கி, சீன வாத்தியங்களை நினைவூட்டும் நிறங்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு அவற்றைத் தனித்தனியே, இடைவெளி விட்டு வைத்தார்கள். கிட்டார் வாசித்த ராப் டீன் அதற்குள் குழுவை விட்டு விலகியிருந்தார். ராக் இசையில் கிட்டார் வழக்கமாக நிரப்பும் இடம் இங்கே பெரும்பாலும் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. இந்த ஆல்பத்தின் அழகே அந்தக் காலியிடம்தான். ஒரு பதிப்பு நல்லதா இல்லையா என்பதை நான் அதை வைத்தே தீர்மானிக்கிறேன்.

இன்னொரு அளவுகோல் மிக் கார்னின் பேஸ் கிட்டார். அதன் கழுத்தில் வீணையின் மெட்டுகளைப் போன்ற குறுக்குக் கம்பிகள் கிடையாது. அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவரால் வழுக்கிச் செல்ல முடிகிறது. பேஸ் பின்னால் நின்று தாங்கிப்பிடிக்கும் கருவி என்று நினைத்திருப்பவர்கள் இங்கே அது பாடுவதைக் கேட்கலாம். ஸ்டீவ் ஜான்சனின் டிரம் தாளமும் நேர்கோட்டில் போவதில்லை. கார்னின் வளைவுகளுக்கு ஊடாகப் புகுந்து வெளிவருகிறது. மங்கலான அச்சில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும்.

பழைய வர்ஜின் தட்டைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் கிடைத்தால் இன்றும் அது மதிப்புக்குரியது. இசைத்தட்டில் ஊசி உட்பக்கம் நெருங்க நெருங்க, ஒரு சுழற்சியில் அது கடக்கும் தூரம் சுருங்குகிறது. அதே அளவு ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கூர்மையான உயர் ஒலிகள் அங்கே சிதைய வாய்ப்பு அதிகம். முதல் பக்கம் முடியும் இடத்தில் 'கேன்டன்' இருக்கிறது, இரண்டாம் பக்கம் முடியும் இடத்தில் 'கேன்டனீஸ் பாய்'. இரண்டுமே பளபளக்கும் உயர் ஒலிகள் நிறைந்த பாடல்கள். முந்தைய உரிமையாளரின் ஊசி தேய்ந்ததாக இருந்திருந்தால், சேதம் முதலில் தெரியும் இடம் இவைதான். பழைய தட்டு வாங்குபவர்கள் கடையில் முதல் பாடலைக் கேட்டுத் திருப்தி அடையாமல், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2018 மறுபதிப்புகளை லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர் மைல்ஸ் ஷோவெல் பாதி வேக முறையில் வெட்டினார், அதாவது அச்சுக்கான மூலத் தட்டில் ஒலித்தடத்தைச் செதுக்கினார். ஒலிப்பதிவையும் வெட்டும் இயந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓடவிடுவது இந்த முறை. வெட்டும் ஊசிக்கு ஒவ்வோர் அசைவுக்கும் இரட்டிப்பு நேரம் கிடைக்கிறது. கடினமான உயர் ஒலிகளும் அதற்குப் பாதி அதிர்வெண்ணில் வந்து சேர்கின்றன. ஜான்சனின் உலோகத் தட்டொலிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

இந்த இரண்டில் 45 சுழற்சிப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தட்டு 35 விழுக்காடு வேகமாகச் சுழல்வதால், அதே ஒலிக்கு அவ்வளவு கூடுதல் நீளம் கிடைக்கிறது. எட்டுப் பாடல்கள் நான்கு பக்கங்களுக்குப் பிரிவதால் ஊசி மையத்தை நெருங்க வேண்டிய நெருக்கடியும் தளர்கிறது. 'கேன்டன்' உச்சத்துக்குப் போகும்போது மற்ற அச்சுகளில் ஒட்டிக்கொள்ளும் ஒலிகள் இதில் விலகி நிற்கின்றன. கார்னின் பேஸும் தடித்துப்போகாமல் ஆழமாகக் கேட்கிறது. குறை ஒன்று உண்டு, அது சிறிய குறை இல்லை: ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். ஏழு நிமிடம் ஓடும் 'சன்ஸ் ஆஃப் பயனியர்ஸ்' போன்ற மெல்ல மெல்ல விரியும் பாடலுக்கு முன்னால் அப்படி எழுந்து போவது மனநிலையைக் கலைக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு 33 சுழற்சித் தட்டே போதும். ஒரு பக்கத்தில் நான்கு பாடல்கள் என்ற பழைய அமைப்பு அதில் அப்படியே இருக்கிறது.

குறுந்தகட்டை ஒதுக்கித் தள்ளும் வினைல் ரசிகர்களோடு நான் உடன்படவில்லை. 'கோஸ்ட்ஸ்' ஒன்றே போதும் அவர்களுக்குப் பதில் சொல்ல. டிரம் தாளமே இல்லாமல், சில்வியனின் குரலும் சில சிந்தசைசர் ஒலிகளும், மரப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவும் மட்டும் கொண்டு நகர்கிற பாடல் அது. இத்தனை வெறுமையான ஒரு பாடல் 1982-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சியான வியப்பு. அதன் மௌனங்களில் தூசியின் ஒரு சிறு வெடிப்பொலிகூடப் பெரிதாகக் கேட்கும். எவ்வளவு நல்ல வினைலும் அந்த ஆபத்திலிருந்து தப்பாது. குறுந்தகட்டில் மௌனம் மௌனமாகவே இருக்கிறது.

2003 பதிப்பின் இரண்டாவது தட்டும் வெறும் ஒப்புக்குச் சேர்த்தது இல்லை. 'தி ஆர்ட் ஆஃப் பார்ட்டீஸ்' முதலில் தனி வெளியீடாக (சிங்கிள்) வந்தபோது அதைத் தயாரித்தவர் ஜான் பன்டர். ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் ஸ்டீவ் நையும் குழுவும் சேர்ந்து அதை மீண்டும் பதிவு செய்தார்கள். இந்தத் தட்டில் உள்ள முதல் வடிவத்தையும் ஆல்பத்தில் உள்ளதையும் அடுத்தடுத்துக் கேட்டால், சில மாதங்களுக்குள் குழு எதையெல்லாம் கழித்துவிட்டது என்பது காதிலேயே புரியும். ஆல்பத்தில் இடம்பெறாத 'லைஃப் வித்தவுட் பில்டிங்ஸ்' என்ற பாடலும் இதில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்பவருக்கு, ஊசியும் தட்டுச் சுழற்றியும் நல்லவையாக இருந்தால், 45 சுழற்சி இரட்டைத் தட்டைச் சொல்வேன். சாதாரணச் சுழற்றி வைத்திருப்பவர் அந்தக் கூடுதல் பணத்தை அதற்குச் செலவிட வேண்டாம். அவருக்குக் குறுந்தகடு அதிகம் தரும், 'கோஸ்ட்ஸ்' குறையில்லாமல் கிடைக்கும். பழைய தட்டைத் தேடுபவர் அதன் உறைக்காக வாங்கினாலும் தவறில்லை. எளிய அறையில் அமர்ந்து குச்சிகளால் சாப்பிடும் சில்வியன், அவருக்குப் பின்னால் சுவரில் மாவோவின் படம்: அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் பன்னிரண்டு அங்குல அட்டையில் பார்க்க வேண்டியது.