கவுன்சிலர் சீட்டு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்: வேலூரில் நான் ஏமாந்த விவரம்

2022 மார்ச்சில் பதவியேற்ற வேலூர் மாநகராட்சி கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தல் பேச்சு எழுந்தாலே சீட்டு வாங்கித் தருகிறேன் என்று ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். போன தடவை அப்படி ஒருவரிடம் மூன்றரை லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்பவன் நான். இன்னொருவர் வீட்டு நகை அடகுக்குப் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சத்துவாச்சாரியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது என்றால் அக்கம்பக்கத்தார் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். நானும் அலைந்து சரிசெய்து கொடுப்பேன். அப்படித்தான் கவுன்சிலர் ஆசை வந்தது. 2021 கடைசியில் காட்பாடி பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று நாள் அரசியல் பயிற்சி வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, ஐயாயிரம் ரூபாய் கட்டிப் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பு எடுத்தவர் வெள்ளை வேட்டி, நல்ல பேச்சு. எல்லாப் பெரிய தலைவர்களோடும் எடுத்த போட்டோ போனில் இருந்தது. அவர் சொன்னதெல்லாம் இந்த மாதிரிதான்: சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போ, பெரிய மாலை போடு, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதே. கட்சியின் மாவட்டச் செயலாளரைப் பார்த்தால் வார்டுப் பிரச்சினையைப் பேசாதே, அவர் பிறந்தநாளைப் பேசு. கை தூக்கிவிட்டவனை ஒரு வருடத்தில் கழற்றிவிடு. 2019-ல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-ம் தேதி தனியாக நடந்ததையும் இழுத்து, “பணம் இல்லாதவனுக்கு இந்த ஊரில் இடமில்லை தம்பி” என்றார். நமக்கெல்லாம் தலைகுனிவான அந்த விஷயத்தை அவர் பாடமாக நடத்தினார். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னதில் ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. “மனு கொடுக்க வந்தால் வாங்குகிற மாதிரி போட்டோ எடு, அதோடு உன் வேலை முடிந்தது.” எங்கள் தெரு ஆயா ஒருத்தர் முதியோர் பென்ஷனுக்காக மனுவோடு வந்தார். அப்போது மாதம் ஆயிரம் ரூபாய். போட்டோ எடுத்துப் போட்டேன், நிறையப் பேர் பாராட்டினார்கள். மனுவைக் கடை மேஜை டிராயரில் வைத்தவன் இரண்டு மாதம் தொடவே இல்லை. கலெக்டர் ஆபீஸ் என் கடையிலிருந்து நடக்கிற தூரம். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். முன்பெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவர் என்னைத் தனியாக அழைத்தார். மேலிடத்தில் சொல்லியாயிற்று, உன் வார்டு உனக்குத்தான், மூன்றரை லட்சம் வேண்டும் என்றார். என் மனைவியின் நகையை அடகு வைத்து, ஏலச்சீட்டை எடுத்து, இரண்டு தவணையாக ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, “நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடு” என்றார். அந்த ஒரு பேச்சிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

2022 ஜனவரி கடைசியில் தேர்தல் அறிவிப்பு வந்தது. இடஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் என் வார்டு பெண்களுக்கு! உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. வாங்கித் தருகிறவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? போன் செய்தேன். கொஞ்சமும் அசராமல், “உன் சம்சாரத்தை நிறுத்து, இன்னும் ஒரு லட்சம் ஆகும்” என்றார். என் மனைவி முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. பிப்ரவரி 4-ம் தேதியோடு வேட்புமனு முடிந்தது.

வக்கீலிடம் போனேன். சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்காகக் கொடுத்த பணத்தை ஒப்பந்தம் என்று சொல்லி வழக்குப் போட்டுத் திரும்பக் கேட்பது கஷ்டம், மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கலாம் என்றார். கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தாய் என்று அங்கே கேட்டபோது, உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

நிற்க ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்சிகள் விருப்ப மனுவைக் கட்சி அலுவலகத்தில் வெளிப்படையாக வாங்குகின்றன. கட்சிச் சின்னத்தில் நிற்கக் கட்சி அதிகாரம் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தர முடியாது. சுயேச்சையாக நிற்பதற்கு மாநகராட்சி வார்டுக்கு 2022-ல் டெபாசிட் 4000 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்கு அதில் பாதி. யாருக்கும் ஒரு பைசா கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அரசிதழில் பாருங்கள்.

ஆயாவின் மனுவை அந்த மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அவரோடு போய்க் கொடுத்தேன். முன்பு போட்ட அந்த போட்டோவை நீக்கிவிட்டேன். அந்த ஆள் வேறு ஊரில் வகுப்பு நடத்துவதாகச் சொல்கிறார்கள். ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் யாராவது மூன்று நாள் வகுப்பு என்று கூப்பிட்டால், பணம் கட்டுவதற்கு முன் என் கடைக்கு ஒரு நடை வாருங்கள். அந்த வகுப்பில் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, காட்டுகிறேன்.