வீட்டுக் கம்ப்யூட்டரில் கிட்டார் ரெக்கார்டிங்: லேட்டன்சியைக் குறைத்த அனுபவம்

பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) கிட்டார் கம்பியைத் தொடும் கணத்துக்கும் ஹெட்ஃபோனில் ஒலி வந்து சேரும் கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் லேட்டன்சி. சில வருடங்களாக ஒரே விண்டோஸ் லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள சாதாரண யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வெளியே கொண்டுவரும் பெட்டி), ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் ஆகியவற்றை வைத்துத்தான் வீட்டில் கிட்டார் பதிவு செய்கிறேன். புதிதாக எதுவும் வாங்காமலேயே இந்த இடைவெளியை வாசிக்கும்போது உறுத்தாத அளவுக்குக் கொண்டுவர முடிந்தது. இத்தனை காலப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்வேன்: லேட்டன்சியைக் காதால் யூகிக்க வேண்டாம், திரையில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கேபிள் போட்டு அளந்துவிடுங்கள். எதில் கை வைப்பது என்பது அப்புறம்தான் தெரியும்.

கணக்கு எளிதுதான். கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் துணுக்குகளாக (சாம்பிள்) வெட்டும், அந்த எண்ணிக்கைதான் சாம்பிள் ரேட்; ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்துக் கையாளுகிறது என்பது பஃபர். பஃபர் அளவை சாம்பிள் ரேட்டால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். 48,000 சாம்பிள் ரேட்டில் 128 பஃபர் என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. இது ஒரு பக்கத்துக்கு மட்டும். ஒலி உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர இன்னொரு பஃபர். அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர்கள் கொஞ்சம் நேரம் எடுக்கும், யூ.எஸ்.பி. தடுமாறாமல் இருக்க டிரைவர் (சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) தன் பங்குக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். என் இன்டர்ஃபேஸில் 128 பஃபருக்குக் காகிதக் கணக்கு 5.3 மில்லிசெகண்ட்; அளந்து பார்த்தால் 9 சொச்சம். 64-க்குக் குறைத்தால் ஆறரையை ஒட்டி வருகிறது. பஃபரைப் பாதியாக்கினால் லேட்டன்சியும் பாதியாகிவிடாது, ஏனென்றால் மற்ற செலவுகள் அப்படியே நிற்கும். 32-க்கு இறங்கி சிபியூவைத் திணறடிப்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு இருந்தால் போதும்? ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். மேடையில் ஆம்ப்பிலிருந்து (கிட்டார் ஒலிபெருக்கி) 3 மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டாரிஸ்ட் ஏற்கெனவே 9 மில்லிசெகண்ட் தாமதத்தில்தான் கேட்கிறார். ஆகவே 10-க்குக் கீழே வந்துவிட்டால் நான் அதற்கு மேல் மெனக்கெடுவதில்லை. 15-ஐத் தாண்டினால் பாம் மியூட் ரிஃப்களும் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் துண்டுகள்) பதினாறாம் நோட்டு வேக ஸ்ட்ரம்மிங்கும் இழுக்க ஆரம்பிக்கும்; கை தானாகவே டெம்போவை முந்தப் பார்க்கும். நீளமாக ஒலிக்கும் கார்டுகளில் 20 இருந்தால்கூடப் பலருக்குத் தெரியாது. பாடுகிறவர்களுக்கு மட்டும் இந்த வரம்பு இன்னும் இறுக்கம், சொந்தக் குரல் தலைக்குள்ளேயே முதலில் கேட்டுவிடுவதால்.

அளப்பது இப்படித்தான். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு ஒரு கேபிள். இன்புட்டை இன்ஸ்ட்ருமென்ட் மோடிலிருந்து லைனுக்கு மாற்றுங்கள், ஃபேன்டம் பவரை (மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணையுங்கள், மானிட்டரிங்கையும் (உள்ளே வரும் ஒலியை உடனே வெளியே கேட்கவிடும் வசதி) அணையுங்கள், இல்லாவிட்டால் ஃபீட்பேக் காதைப் பிளந்துவிடும். ஸ்பீக்கர் சத்தம் சுழியத்தில் இருக்கட்டும். ஆர்.டி.எல். யூட்டிலிட்டி என்ற இலவசக் கருவி ஒரு சிக்னலை அனுப்பி, அது சுற்றி வர எடுத்த நேரத்தை ஒவ்வொரு பஃபர் அளவுக்கும் சொல்லிவிடும். டிரைவர் சொல்லும் எண்ணையும் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இரண்டும் ஒன்றாக இல்லாத டிரைவர்கள் உண்டு.

அந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் தெரியுமா? வாசிக்கும்போது கேட்கும் தாமதம் வேறு, பதிவான டிராக் டைம்லைனில் தள்ளி உட்காருவது வேறு. டிரைவர் சொல்லும் லேட்டன்சியை நம்பித்தான் ரீப்பர் ஒவ்வொரு டேக்கையும் (ஒரு முறை வாசித்த பதிவு) இடது பக்கம் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கிறது. டிரைவர் குறைவாகச் சொன்னால் எல்லா டேக்கும் ஒரே அளவு பிந்தி விழும். மேலே மேலே நான்கு டிராக் அடுக்கினால் டிரம்ஸோடு கிட்டார் எப்போதும் சோம்பலாக இருக்கும். ஆளோ தன் டைமிங்கைத் திட்டிக்கொண்டிருப்பார். இதைச் சோதிக்க ஒரு டிராக்கில் கிளிக் ஒலியை வைத்து, அதே லூப் கேபிள் வழியாக இரண்டாவது டிராக்கில் பதிவு செய்து, அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கிளிக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். என்னிடம் இரண்டாவது கிளிக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நின்றது. எத்தனை சாம்பிள் என்று எண்ணி, ரீப்பரின் ஆடியோ செட்டிங்ஸில் ரெக்கார்டிங் பகுதியில் உள்ள மேனுவல் ஆஃப்செட்டில் போட்டேன். அன்றிலிருந்து டேக்குகளைக் கையால் நகர்த்தும் வேலை இல்லை.

டிரைவர் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விண்டோஸில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஏசியோ என்ற குறைந்த தாமத டிரைவர் முறைதான் வழி. இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் இருந்தால் அதையே போடுங்கள். ஏசியோ ஃபார் ஆல் என்பது விண்டோஸின் சொந்த ஆடியோ டிரைவர் மேல் உட்கார்ந்து ஏசியோ போலப் பேசும் இடைத்தரகர். சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத சாதனங்களுக்கு அது பெரிய உதவி, இருப்பவர்களுக்குத் தேவையில்லை. மேக்கில் அதனோடேயே வரும் கோர் ஆடியோ இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது பஃபரைக் குறைத்ததும் வந்த வெடிப்புச் சத்தம். 64-ல் வைத்தால் சிபியூ மீட்டர் 20 சதவீதத்தைக்கூடத் தொடாது, ஆனாலும் சில விநாடிக்கு ஒரு தடவை 'டப்' என்று ஒன்று. பதிவிலும் அது விழும். சிபியூ வேகமாக இருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு பஃபரும் குறித்த நேரத்துக்குள் நிரம்பியாக வேண்டும். நடுவில் வேறொரு டிரைவர் ஒரு மில்லிசெகண்ட் சிபியூவைப் பிடித்து வைத்துக்கொண்டாலே 1.3 மில்லிசெகண்ட் பஃபருக்கு ஆபத்து. லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் எந்த டிரைவர் அப்படிச் செய்கிறது என்று பெயரோடு காட்டும். என் லேப்டாப்பில் நெட்வொர்க் பக்கம் கை காட்டியது. வைஃபையை அணைத்தேன், சத்தம் நின்றது. அதிலிருந்து பதிவு செய்யும்போது வைஃபையும் ப்ளூடூத்தும் அணைந்தே இருக்கும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைப்பது, யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை (மின்சாரம் மிச்சம் பிடிக்க யூ.எஸ்.பி.யைத் தூங்கவைக்கும் வசதி) நிறுத்துவது, ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் சொருகுவது மூன்றும் உதவுகின்றன. சிங்கிள் காயில் பிக்கப் (எளிதில் இரைச்சலை வாங்கும் வகை) உள்ள கிட்டாரில் இரைச்சல் தாங்காமல் சார்ஜரைக் கழற்றி வாசிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பேட்டரிக்குப் போனதும் விண்டோஸ் சிபியூ வேகத்தைக் குறைத்துவிடக்கூடும், பேட்டரிக்கான பவர் செட்டிங்கையும் மறக்காமல் பாருங்கள்.

அப்புறம் பிளக்கின்கள், அதாவது ரீப்பருக்குள் போடும் எஃபெக்ட் மென்பொருள்கள். பேஸ் வாசிக்கும் நண்பன் ஒருநாள் ஒரு பழைய புராஜெக்ட்டின் மேல் வாசிக்க வந்தான். "மச்சான், நான் அடிச்சு முடிச்ச பிறகுதான் சத்தமே வருது" என்றான். பஃபர் 64-லேயேதான் இருந்தது. எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில் மிக்ஸுக்காகப் போட்டிருந்த லீனியர் ஃபேஸ் ஈக்யூதான் (ஒலியின் தன்மையைத் திருத்தும் ஒரு வகைக் கருவி) வேலையைக் காட்டியது. இந்த வகை ஈக்யூக்களும், லுக்அஹெட் உள்ள லிமிட்டர்களும் (சத்தம் வரம்பு மீறாமல் தடுப்பவை) ஒலியை முன்கூட்டியே பார்ப்பதற்காக அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4096 சாம்பிள் பிடித்தால் 85 மில்லிசெகண்ட், எந்த இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அது குறையாது. ரீப்பரில் எஃபெக்ட் சாளரத்தின் அடியில் சிபியூ சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை சாம்பிள் தாமதம் என்று போட்டிருக்கும். வாசிக்கும் டிராக்கிலும் மாஸ்டரிலும் அது சுழியத்தை ஒட்டியே இருக்கட்டும். நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற ஆம்ப் சிம்கள் (ஆம்ப்பைப் போல ஒலிக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலும் தாமதத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, சிபியூவைத்தான் கேட்கும்.

நடைமுறையில் நான் இரண்டு நிலைகளில் வேலை செய்கிறேன். வாசிக்கும்போது 48,000-ல் 64 அல்லது 128, ஆம்ப் சிம் ஒன்று மட்டும் திறந்திருக்கும், முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுவேன் (எஃபெக்டோடு சேர்த்து ஒரே ஒலிக்கோப்பாக்கி சிபியூ சுமையைக் குறைப்பது). மிக்ஸிங்கில் 1024, அங்கே தாமதத்தால் நஷ்டமில்லை. கிளீன் டோனுக்கும் அக்கூஸ்டிக்குக்கும் டைரக்ட் மானிட்டரே போதும்: ஒலி கம்ப்யூட்டருக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே காதுக்கு வந்துவிடும். டிஸ்டார்ஷனுக்கு அது சரிவராது, எஃபெக்ட் எதுவும் இல்லாத வெறும் கம்பிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு லீட் வாசிக்க மனம் ஒப்பாது. சஸ்டெய்னைக் (நோட்டு நீண்டு ஒலிப்பதை) கேட்டுத்தானே வைப்ரேட்டோவே (கம்பியை அசைத்துத் தரும் நடுக்கம்) பிறக்கிறது. அங்கே குறைந்த பஃபர் அவசியம். ப்ளூடூத் ஹெட்ஃபோனைப் பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள். 100, 200 மில்லிசெகண்ட் அதில் சர்வசாதாரணம்.

புது இன்டர்ஃபேஸ் வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆர்.எம்.இ. மாதிரியான இன்டர்ஃபேஸ் நிறுவனங்கள் டிரைவருக்குப் பெயர் பெற்றவை, விலையும் அதற்கேற்ற உயரத்தில். இருப்பதை அளந்து, வைஃபையை அணைத்து, மாஸ்டரைக் காலி செய்த பிறகும் 128-ல் 12 மில்லிசெகண்டுக்குக் கீழே வரவில்லை என்றால் வாங்குங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் எதையாவது போட்டுக்கொண்டால், பவர் செட்டிங்கை ஒரு தடவை சரிபார்த்து, லூப் கேபிளை மறுபடி சொருகி அளந்துவிடுங்கள். டிரைவர் மாறியிருந்தால் ஆஃப்செட் எண்ணும் மாறியிருக்கலாம்.