680 வெள்ளி என்று சொல்லி 1,850 வெள்ளி பிடுங்கிவிட்டார்கள்: வீடு மாறப்போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்ல நான் பிடித்த ஆள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டான் என்பது நேற்றுக் காலையில்தான் உறுதியானது. வீடு மாறி இன்றோடு ஆறு நாள். கொடுத்த 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது போனதுதான், விட்டுத்தள்ளு என்கிறார் கணவர். என்னால் விட முடியவில்லை. அவனை 'அவர்' என்று எழுதவும் மனம் வரவில்லை, பெரியவர்கள் மன்னிக்கவும்.

வீடு மாறுவதற்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும், மூவர்ஸை, அதாவது சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒன்று விடாமல் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் பதினோரு வருடம் இருந்தது பழைய பிளாட், நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. கோயிலுக்குப் போக ஆசைப்பட்டாலும் இறங்கினால் ஏற முடியாது. கெப்போங்கில் லிஃப்ட் உள்ள கோண்டோ ஒன்றில் வாடகைக்கு வீடு கிடைத்தபோது ஆனி முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச மாட்டேன் என்று அம்மா ஒரே பிடி. அந்த அவசரம்தான் எங்களைக் கவிழ்த்தது.

முதலில் இரண்டு கம்பெனிகளிடம் கேட்டேன். ஒருவர் வீடியோ கால் போட்டு ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொன்னார், கட்டிலுக்கு அடியில்கூடக் காட்டச் சொன்னார், 1,100 வெள்ளி என்றார். இன்னொருவர் வந்து பார்க்காமல் விலையே சொல்ல மாட்டேன் என்றார். வந்து பார்த்துவிட்டு 1,250. என்ன இது, பெண் பார்க்க வருகிற மாதிரி என்று எனக்கு எரிச்சல். இப்போது யோசித்தால், அந்த இரண்டு பேர்தான் ஒழுங்கான ஆட்கள்.

அப்புறம்தான் பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு செயலியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, உங்கள் போனிலும் இருக்கும். மூன்று டன் லோரி, மூன்று ஆட்கள், கட்டில் அலமாரி கழற்றி மாட்டித் தருவோம், கோலாலம்பூருக்குள் எங்கே போனாலும் 680 வெள்ளி. ஐந்து நட்சத்திரம். கீழே நாற்பது பேருக்கு மேல் 'நல்ல சர்வீஸ்' என்று எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்ததை இப்போதுதான் கவனிக்கிறேன்.

போன் போட்டேன். மலாயில் ஆரம்பித்தேன். என் பெயரைக் கேட்டதும் அவன் தமிழுக்கு மாறினான். "தமிழாக்கா? சொல்லுங்கக்கா, நம்ம ஆளுங்களுக்கு நான் பார்த்துச் செய்வேன்" என்றான். சனிக்கிழமை என்றேன். "அப்போ ஒம்போதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்க்கா. பத்தே முக்காலுக்கு முதல் சாமானை ஏத்துவோம். சாமி படத்தை யார் கையிலயும் குடுக்காதீங்க, நானே மடியில வச்சு எடுத்துட்டு வரேன்" என்றான். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "நல்ல பிள்ளை" என்றார். அவ்வளவுதான், அந்த நிமிடத்தில் முடிந்தது எங்கள் கதை.

நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை என்றேன். "எல்லாம் சேர்த்துத்தான்க்கா." இரண்டு கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறது தம்பி என்றேன். "அதுவும் சேர்த்துத்தான்க்கா." டோல்? சிரித்தான். இத்தனையும் போனில் வாயால் சொன்னது. எழுத்தில் அவன் அனுப்பியது ஒரே ஒரு வரி: '680 ஓகே அக்கா', பக்கத்தில் கும்பிடுகிற கை. இருநூறு வெள்ளி முன்பணம் கேட்டான், டூயிட்நவ்வில் (போனிலேயே வங்கிப் பணம் அனுப்புகிற வசதி) அனுப்பினேன். கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயர். கேட்டதற்கு, "எங்க அக்கௌண்டண்ட்க்கா" என்றான்.

நாங்கள் எங்கள் பக்கம் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தோம். அதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல். மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கி 1 முதல் 23 வரை எண் போட்டேன். முந்தின நாளே ஃபிரிட்ஜைக் காலி செய்து தண்ணீர் வடித்து வைத்தோம். கோண்டோ நிர்வாகத்திடம் படிவம் நிரப்பி, லிஃப்டுக்காக 500 வெள்ளி டெபாசிட் கட்டினோம். அவர்கள் விதி கண்டிப்பானது: சனிக்கிழமை ஒன்பது முதல் ஐந்து மணி வரை சாமான் ஏற்றலாம், ஐந்துக்கு மேல் லிஃப்ட் கிடையாது, ஞாயிறு அனுமதியே இல்லை. இதையும் அவனிடம் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். எங்கே கழுத்தைப் பிடிக்கலாம் என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

பத்தே முக்கால் என்றவர்கள் வந்தது பதினொன்று ஐம்பதுக்கு. மூன்று டன் இல்லை, ஒரு டன் லோரி. மூன்று பேர் இல்லை, டிரைவரோடு சேர்த்து இரண்டு பேர். போனில் பேசியவன் வரவே இல்லை. கணவர் அவனுக்கு அடித்தால், "பெரிய லோரி பிரேக்டவுன் அண்ணே, ரெண்டு டிரிப்பா அடிச்சிடுவாங்க, நீங்க ஒரு காசு கூடக் குடுக்க வேணாம்" என்றான். அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் கட்டில் கழற்றிக் கிடக்கிறது, அம்மாவும் நானும் ஏற்கெனவே கெப்போங்கில் வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். ஒத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன, நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

முதல் டிரிப்பில் கட்டில், சோபா, அலமாரி. "சாமி படம் வந்துச்சா?" என்று அம்மா மூன்று முறை கேட்டார். வரவில்லை. இரண்டாவது டிரிப் கோண்டோ வாசலில் வந்து நின்றது நாலு இருபத்தைந்துக்கு. உள்ளே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், சமையலறைப் பெட்டிகள் அத்தனையும், சாமி படங்களும். டிரைவர் இறங்கினான், பின்கதவைத் திறக்கவில்லை. போனை நீட்டினான். அதில் கணக்கு.

இரண்டாவது டிரிப் 350. படிக்கட்டு, மாடிக்கு 80 வீதம் நான்கு மாடிக்கு 320. பெரிய ஃபிரிட்ஜ் 150. காத்திருந்ததற்கு 100. லோரியிலிருந்து லிஃப்ட் வரை தூக்கி நடப்பதற்கு 150. டோல் 100. ஆக 1,170, பழைய பாக்கி 480, மொத்தம் 1,650 கொடு.

டோல்! செந்தூலில் இருந்து கெப்போங்குக்கு ஜாலான் கெப்போங் வழியாக வந்தால் டோலே கிடையாது. கோலாலம்பூரில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். காத்திருந்தது யார், அவனா நானா?

சத்தம் போட்டேன். டிரைவர் சத்தமே போடவில்லை. பணம் வராவிட்டால் சாமான் ஸ்டோருக்குப் போகும், ஸ்டோர் வாடகை தினமும் ஏறும், என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பாஸிடம் பேசு என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைத்தான். பாஸுக்கு, அதாவது போனில் பேசியவனுக்கு, ஏழு முறை அடித்தேன், எடுக்கவில்லை. கோண்டோ காவலாளி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், அம்மா பத்து மாடி இறங்கி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மணி நாலு நாற்பது. அனுப்பினேன். அதே அக்கௌண்டண்ட் கணக்குக்கு 1,650. முன்பணத்தோடு சேர்த்தால் 1,850 வெள்ளி. முதலில் கேட்ட ஒழுங்கான கம்பெனியிடம் 1,100க்கு முடிந்திருக்க வேண்டிய வேலை.

பணம் போய்ச் சேர்ந்த மறு நிமிடம் ஏழு முறை எடுக்காதவன் கூப்பிடுகிறான். "தேங்க்ஸ்க்கா, ஐந்து நட்சத்திரம் போட்டுருங்க."

பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் லிஃப்ட் வாசலில் எறிந்துவிட்டுப் போனார்கள். சின்ன லோரி என்பதால் ஃபிரிட்ஜைப் படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது, அன்றிரவே பிளக்கைப் போட்டுவிட்டோம். இப்போது சத்தம் வருகிறது, குளிர் வரவில்லை. பார்க்க வந்தவர், படுக்கவைத்த ஃபிரிட்ஜை நிமிர்த்திப் பல மணி நேரம் விட்டுத்தான் போட வேண்டும், கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும் என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய கிரைண்டரைக் கல்லோடு சாய்த்துத் தூக்கியதில் கல் உள்ளே உருண்டு டிரம் நசுங்கிவிட்டது. பெட்டிகள் 22தான் வந்தன. 17ஆம் எண் இல்லை. இட்லிப் பானை, முறுக்கு அச்சு, மிக்ஸி ஜார்கள். யார் எடுத்து என்ன செய்யப்போகிறார்கள் அதை வைத்து?

இதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் போட்டேன்: "போட்டோ அனுப்புங்கக்கா, பார்க்கிறேன்." பதினாறு போட்டோ அனுப்பினேன். திங்கள்: "போட்டோ கிளியரா இல்லக்கா." மறுபடி எடுத்து அனுப்பினேன். செவ்வாய்: "நான் வெறும் ஏஜென்ட்க்கா, லோரி என்னோடது இல்ல, டிரைவர்கிட்ட கேளுங்க." டிரைவர் நம்பர் கேட்டால், "அவன் வேலையை விட்டுட்டான்." பெட்டி 17? "நீங்க எண்ணியிருக்கணும்க்கா." எண்ணித்தானடா எண் போட்டேன்! புதன்கிழமை, பாஸ் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் 300 திருப்பித் தருவார் என்றான். அதை நம்பி அன்று முழுவதும் நான் சும்மா இருந்தேன், அதுதான் அவனுக்கு வேண்டியது. நேற்று ஒரே ஒரு டிக். படமும் போய்விட்டது.

அந்தச் செயலிக்கும் எழுதினேன். பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம் என்று இரண்டு நிமிடத்தில் இயந்திரப் பதில். விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் ஒற்றை நட்சத்திரத்தைக் காணோம்.

போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வேலை நடந்திருக்கிறது, கூடுதலாகப் பணம் வாங்கியிருக்கிறான், பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற தீர்ப்பாயம் அது. 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், கட்டணம் ஐந்தே வெள்ளி, வக்கீல் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிவத்தில் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி கேட்கிறது. என்னிடம் இருப்பது ஒரு செல்லப்பெயர், செத்துப்போன ஒரு நம்பர், வங்கிக் கணக்கில் இருக்கிற அக்கௌண்டண்டின் பெயர். விளம்பரத்தில் இருந்த கம்பெனிப் பெயரை எஸ்எஸ்எம் (அரசாங்கக் கம்பெனிப் பதிவகம்) பதிவில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு கம்பெனியே இல்லை. இந்தத் தேடலை 200 வெள்ளி அனுப்புவதற்கு முன்னால் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

680 நியாயமான கூலிதானே, உண்மையில் போனது 1,170தான் என்று கணவர் கணக்குச் சொல்கிறார். அந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். என் கையை விட்டுப் போனது 1,850 வெள்ளி. ஃபிரிட்ஜும் கிரைண்டரும் தனி.

சரி, ஆலோசனை எழுதுகிறேன் என்று சொன்னேன். வீட்டை வந்து பார்க்காமல், வீடியோவிலாவது பார்க்காமல் விலை சொல்கிறவனை நம்பாதீர்கள். மாடி, லிஃப்ட், ஃபிரிட்ஜ், டோல், எத்தனை டன் லோரி, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது ஒன்றும் நிற்காது. தனி ஆள் கணக்குக்குக் காசு அனுப்பாதீர்கள். மோசடிப் புகார் வந்த கணக்கா என்று போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அவன் கணக்கை நான் போட்டபோது ஒன்றும் வரவில்லை, அதனால் அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே வராமல் ஓடிவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வந்த லோரி சொன்ன லோரி இல்லை என்றால் ஒரு சாமானைக்கூட ஏற்ற விடாதீர்கள். லோரியின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். சாமி படம் உங்கள் காரிலேயே வரட்டும்.

இன்னும் நிறைய எழுத இருந்தது, கரண்ட், தண்ணீர் கணக்கு மாற்றுவது பற்றியெல்லாம். ஆனால் நிர்வாக அலுவலகத்திலிருந்து இப்போது போன். சனிக்கிழமை எங்கள் ஆட்கள் சாமான் ஏற்றியபோது லிஃப்ட் சுவரில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருக்கிறதாம், அந்த 500 வெள்ளி டெபாசிட்டைப் பற்றிப் பேச உடனே கீழே வரச் சொல்கிறார்கள்.